சம்பந்தம் எரித்துப் பார்த்த கேப்ஸ்யூல்

சீனாவிலிருந்து வருவதெல்லாம் போலி என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. இது தவறு. ஆரணியில் உரக்கச் சொன்னால் ஆபத்தும்கூட. இங்கே பாவுக்கு, அதாவது நெடுக்கு இழைக்கு, சீனா நூல் போட்டால்தான் தறி முரண்டு பண்ணாமல் ஓடும். பட்டு என்ற பொருளே அங்கிருந்து வந்ததுதான் என்று சரித்திரமும் சொல்கிறது.

ஆகவே 2002-ல், பட்டுச்சேலை வியாபாரி சம்பந்தம் தம் உடம்பையும் சீனாவிடம் ஒப்படைத்ததில் வியப்பில்லை.

அவருக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். வேலூர் டாக்டர் ஒரு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். "இது பெண் ஹார்மோன். உங்க நோயை இதுதான் அடக்கும். விட்டீங்கன்னா எலும்புக்குப் பரவிடும்."

சம்பந்தம் கடைக்கு வந்து நாலு பேர் எதிரில் சபதம் செய்தார். "மீசை வெச்ச மனுசன் பொம்பளை மாத்திரை திங்கறதா? உசுரே போனாலும் தொடமாட்டேன்!"

அமெரிக்காவிலிருந்த மகன் கிரண் பதறிப்போய், எட்டு மூலிகைகள் அடங்கியதாகச் சொல்லப்பட்ட சீன கேப்ஸ்யூல்களை அனுப்பிவைத்தான்.

"கலப்படம் கிலப்படம் இருக்கப் போவுதுண்ணே" என்றாள், உடம்பு விசாரிக்கப் பெரணமல்லூரிலிருந்து வந்திருந்த தங்கை அபிதகுசாம்பாள்.

"அதுக்குத்தான் டெஸ்ட் இருக்குதே" என்று சம்பந்தம் தீப்பெட்டியை எடுத்தார்.

பட்டு வியாபாரிகளின் சோதனை அது. ஒரு இழையைக் கொளுத்தினால் தலைமுடி கருகும் நாற்றம் வரவேண்டும். சாம்பல் விரலில் பொடியவேண்டும். அப்படியென்றால் அசல். உருகி மணி மணியாக உருண்டால் போலி.

கேப்ஸ்யூல் கருகியது. கூடம் முழுக்க முடி நாற்றம்.

"அசல்! அக்மார்க் அசல்!" என்று கூவினார் சம்பந்தம்.

கேப்ஸ்யூலின் கூடு, விலங்கின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. பட்டைப் போல அதுவும் புரதம். உள்ளே களிமண்ணை அடைத்துக் கொளுத்தினாலும் அதே நாற்றம்தான் வரும். இதை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மருந்து வேலை செய்தது. ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் எண் சரசரவென்று இறங்கியது. இடுப்பு வலி போய், சம்பந்தம் கடைப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். மார்பு மட்டும் லேசாக உப்பி, சட்டைப் பித்தான் தகராறு செய்தது.

"சீனா சத்து!" என்றார்.

அடுத்த முறை வந்தபோது அபிதகுசாம்பாள் சமையலறையில் ஒரு காட்சியைக் கண்டாள். சம்பந்தத்தின் மனைவி பரிமளா, கேப்ஸ்யூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளிருந்த தூளைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே! ஜல்தி வா! அண்ணி உன் மருந்தை சாக்கடையில கொட்டிகினு இருக்காங்க! உன் உசுரோட விளையாடறாங்க!"

சம்பந்தம் எழுவதற்குள் போன் அடித்தது. கிரண்தான்.

"நைனா, அந்த கேப்ஸ்யூலை உடனே நிறுத்துங்க! இங்க லேப்ல சோதிச்சுட்டாங்க. மூலிகைன்னு சொல்லிட்டு உள்ள இங்கிலீஷ் மருந்தைக் கலந்திருக்காங்க. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்து ஒண்ணு. அப்புறம்..."

"அப்புறம் இன்னா?"

"பொம்பளை ஹார்மோன், நைனா."

சம்பந்தம் போனை வைத்தார். மீசை துடித்தது.

"கலப்படம்! பட்டுன்னு சொல்லி பாலியஸ்டரைத் தள்ளிட்டானே! இவனெல்லாம் ஒரு வியாபாரியா!"

அபிதகுசாம்பாள் விடுவதாக இல்லை. "அது கிடக்கட்டும். கிரண் இப்பத்தான் சொல்றான். அண்ணிக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? எதுக்குக் கொட்டுனாங்க? கேளுண்ணே!"

பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தார்கள். இல்லை, சிரிப்பு.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள இன்னா இருக்குதோன்னு பயமா இருந்துச்சு. அதான் முதல் வாரத்துலேர்ந்தே கொட்டிகினு இருக்கேன். டாக்டரைக் கேட்டுகினு, அவரு எழுதிக்கொடுத்த மாத்திரையை இடிச்சு, அந்தக் கூட்டுல ரொப்பி வெச்சேன்."

"அப்போ அண்ணன் இத்தினி நாளா சாப்ட்டது..."

"பொம்பளை மாத்திரைதான். ஆனா கலப்படம் இல்லாதது."

அபிதகுசாம்பாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. நாலு பேர் எதிரில் சபதம் செய்தவர். இப்போது தெரிந்துவிட்டது. இனிமேல் தொடமாட்டேன் என்று எழுந்து போய்விட்டால்?

பரிமளாவும் அதைத்தான் நினைத்தாள் போலும். "ஏங்க..." என்றாள்.

சம்பந்தம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முதல் ரெண்டு நாள் கஷாய வாடையா ஏப்பம் வந்துகினே இருந்துச்சு. அப்புறம் ஏப்பமே வரலை. அன்னிக்கே தெரியும் பரிமளா, நீ உள்ள டாக்டர் மாத்திரையை மாத்திட்டேன்னு."

"தெரியுமா? அப்போ இவ்ளோ நேரம் கத்துனது?"

"அது வேற. கலப்படம்னு காதுல விழுந்தா பட்டுக்காரன் கத்தித்தான் ஆவணும்."

"தெரிஞ்சும் ஏங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டிருந்தா சபதம் செஞ்சவன் நிறுத்தியாகணுமே! எனக்கும் உன்கூட இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசை."

அபிதகுசாம்பாள் அன்று பெரணமல்லூர் பஸ் ஏறவில்லை. கூட்டில் ரொப்ப மாத்திரை இடிக்க ஆள் வேண்டியிருந்தது.