ஓரத்துச் சிப்பாய்

"ஒரு மாசமா ஒரே ஆட்டம். முடிக்கவே விடமாட்டேங்குறாரு அந்தப் பாய். தோத்துருவோம்னு பயம், வேற என்ன?"

வாசலில் நின்று முணுமுணுத்தாள் முருகலட்சுமி. டயாலிசிஸ் அறைக்குள் உறவுக்காரர்களை விடுவதில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் புருசனைப் பார்ப்பதோடு சரி.

ஹுமைரா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. இன்றைக்கு இது இரண்டாவது ஷிஃப்ட். கால் கடுத்தது.

மூன்றாவது கட்டிலில் முருகலட்சுமியின் புருசன் செல்லச்சாமி. நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடுகிறவர். நாலாவதில் கபீர். சவுதியில் பதினெட்டு வருசம் இருந்துவிட்டு, கிட்னி போய் ஊர் திரும்பியவர். செவ்வாய், வியாழன், சனி. தடவைக்கு நாலு மணி நேரம். இடது கையில் ஊசி, வலது கையில் செஸ். நடுவில் டிராலி மேல் காந்தம் வைத்த சின்ன போர்டு.

போர்டைக் கொண்டுவந்தது கபீர்தான். போன மாசம் செல்லச்சாமி, "குத்திக் குத்திச் சலிச்சுப்போச்சு, போதும்" என்று இரண்டு தடவை வராமல் இருந்தார். மூன்றாவது தடவை ஆம்புலன்ஸில் வந்தார், மூச்சுக்குத் தவித்துக்கொண்டு. அதற்கு அடுத்த தடவை போர்டு வந்தது.

அன்றைக்குக் கபீர் சொல்லிக்கொடுத்தது ஹுமைராவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இதுக்குப் பேரு இத்தாலியன் ஓப்பனிங். முதல்ல ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாய் ரெண்டு கட்டம். பிறகு குதிரை. பிறகு மந்திரி. மந்திரி எங்கன பாக்குறாரு தெரியுதா? ஒங்க ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை. அவனுக்கு ராஜாவை விட்டா வேற காவலே கிடையாது."

"என்னைய மாதிரின்னு சொல்லுங்க."

"அவசரக்காரன் உடனே குதிரையை எறக்கி அங்கனயே அடிப்பான். பொறுமைக்காரன் சிப்பாயை ஒரு கட்டம் நகட்டி வச்சுட்டு மெதுவா வருவான். ஓப்பனிங் ஒண்ணுதான். ஆளுக்குத் தக்கன ஆட்டம்."

"குதிரைக்குத் தண்ணி காட்ட வேணாமா பாய்?"

"எனக்கே ஒரு நாளைக்கு முக்கா லிட்டரு தண்ணிதான். ஒங்க குதிரைக்கு எங்கன போக?"

அறையே சிரித்தது.

இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் குறைந்துவிட்டது. இன்றைக்கு எடை போட்டபோது கபீர் நாலு கிலோ கூடியிருந்தார்.

"தண்ணிய அளந்து குடிங்கன்னு சொன்னேனே காக்கா," என்றாள் ஹுமைரா. அண்ணன் முறைக்கு அவள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அளந்து அளந்து என்னம்மா ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து பிரஷர் பார்க்கக் குனிந்தவள், போர்டைப் பார்த்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவு வரை ஆடியவள். கபீரின் முறை. மந்திரி அதே சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராணியும் அதற்கு நேரே நின்றது. ஒரே வெட்டு, ஆட்டம் முடிந்தது.

கபீர் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார்.

செல்லச்சாமி கண்ணயர்ந்திருந்தார். ஹுமைரா குரலைத் தாழ்த்தினாள்.

"காக்கா, ராணிய வச்சு அந்தச் சிப்பாயை வெட்டினா மேட்டு."

"தெரியும்மா. போன வாரமே தெரியும்."

"பிறகு ஏன்?"

"முடிச்சுட்டா இவரு சனிக்கிழமை எதுக்கு வருவாரு? ரெண்டு பஸ் மாறணும். ஏற்கனவே போதும்னு சொன்ன ஆளு."

ஹுமைரா பிரஷர் பட்டையைக் கழற்றினாள். மறுபடி போர்டைப் பார்த்தாள்.

"ஆனா ஒங்க ராணி அவரு குதிரை வெட்டுற எடத்துல நிக்குதே?"

"நிக்கட்டும். அவருக்கு அதெல்லாம் இன்னும் புரிபடல," என்று கண்ணை மூடிக்கொண்டார் கபீர்.

கபீருக்கு முதலில் முடிந்தது. ஹுமைரா ஊசியை எடுத்ததும், பஞ்சை அழுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்து எடை மெஷினுக்கு நடந்தார். வாசலில் அவர் மனைவி சூஃபியா பையோடு நின்றிருந்தாள்.

செல்லச்சாமி விழித்து போர்டை ரொம்ப நேரம் பார்த்தார். கையை நீட்டினார். அவரும் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார்.

"அவ்வளவுதான் தாயி. பாய் சனிக்கிழமை பாத்துக்கிருவாரு. போர்டை பீரோ மேல வச்சுரு. காய் நகரக் கூடாது."

மனசு கேட்கவில்லை ஹுமைராவுக்கு. வந்ததற்கு இவராவது ஒரு தடவை சந்தோசப்படட்டுமே.

"ஐயா, ஒங்க குதிரைய நல்லாப் பாருங்க. அவரு ராணியவே வெட்டலாம்."

"மெதுவாப் பேசு," என்றார் செல்லச்சாமி. "அந்தக் குதிரைய அங்கன வச்சதே நான்தான. வச்சவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் வெட்டல?"

கதவுக்கு அந்தப் பக்கம் சூஃபியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கபீர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் போனதைப் பார்த்துவிட்டுத்தான் செல்லச்சாமி சொன்னார்.

"போன வாரம் பஸ் ஸ்டாண்டுல வச்சு அந்தம்மா என்கிட்ட அழுதுச்சு. இனிமே ஊசியே வேணாம், விட்டுருங்கன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்காராம். செல்லச்சாமியோட ஆட்டம் பாக்கி இருக்குன்னுதான் மனுசன் காலையில எந்திரிச்சு சட்டையையே மாட்டுறாராம்."