முதல் வாய்

விமானிகள் சங்கத்தில் தொண்டை கிழிய விவாதித்தார்கள். புது ஒப்பந்தப்படி கேப்டன்களுக்கு இரட்டிப்புச் சம்பளம். துணை விமானிகளின் இடத்தில் இயந்திரம். "வேண்டவே வேண்டாம்!" என்று மேடையில் முழங்கிய கேப்டன் வரதன், ரகசிய வாக்கெடுப்பில் 'சம்மதம்' அழுத்தினார்.

இப்போது காக்பிட்டில் அவர் தனியாள். முன்பெல்லாம் அவரும் துணை விமானி ஜெசிந்தாவும் வேறு வேறு உணவுதான் சாப்பிடுவார்கள். ஒருவருக்கு வயிறு கெட்டாலும் மற்றவர் ஓட்டலாம். இன்று அதே ஜெசிந்தா தட்டோடு வந்தாள். நிறுவனம் தந்த புது வேலை.

"அப்பவே சாப்பிட்டுப் பார்த்துட்டேன் சார். எனக்கு ஒண்ணும் ஆகல, தைரியமா சாப்பிடுங்க."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"எங்களுக்காக அவ்வளவு பேசுனீங்களே சார். உங்களுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டேனா?"

சோற்றில் அவள் எடுத்த ஒரு வாயின் பள்ளம் தெரிந்தது. வரதனால் கரண்டியைத் தூக்க முடியவில்லை.