பயமறியாத ரக்கூன்

வந்தேறி மிருகங்களை ஊசி போட்டுக் கொல்ல வேண்டும் என்றது ஜெர்மனியின் ஒரு சட்டம். ஊசி போடும் அறையில் மிருகத்துக்கோ மனிதருக்கோ பயம் இருந்தால் போடக் கூடாது என்றது இன்னொன்று. அதைக் கண்டுபிடிக்க அறையில் எல்லோருக்கும் விளக்கு வைத்த கழுத்துப்பட்டி; பயந்தவரின் பட்டி சிவப்பாக எரியும், மற்றவருடையது பச்சையாக.

இரண்டுக்கும் நடுவே, மிருக வைத்தியர் குகதாசனின் குசினியில் மூன்று வருடமாக இடியப்பமும் சொதியும் தின்று கொழுத்திருந்தது வந்தேறி இனமான ஒரு ரக்கூன். அதிகாரி பிரிகிற்றா ஊசியோடு வரும்போதெல்லாம் வைத்தியரின் மனைவி செல்வமலர் கிரைண்டரைப் போடுவாள். ரக்கூன் வெருளும், பட்டி சிவக்கும், தவணை ஆறு மாதம் தள்ளிப்போகும்.

இன்று கிரைண்டர் அலறியது. ரக்கூன் கொட்டாவி விட்டு மல்லாந்து படுத்தது. பட்டியில் பச்சை.

"இஞ்சேருங்கோ, இவன் சத்தத்துக்குப் பழகிட்டானப்பா!" செல்வமலர் சோர்ந்துபோய் கிரைண்டரை நிறுத்தினாள்.

பிரிகிற்றா ஊசியை நீட்டினார். குகதாசன் ஆசையோடு தன் பட்டியைப் பார்த்தார். துக்கம் பயத்தில் சேராதாம், பாழாய்ப்போன பச்சை. ஊசியை வாங்க நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். பிரிகிற்றாவின் கழுத்துப்பட்டி செக்கச்செவேலென்று எரிந்தது.

"அந்த மெஷின் சத்தம் எனக்குப் பயம்," என்றார் பிரிகிற்றா, படிவத்தை நிரப்பியபடி. "ஆறு மாதம் கழித்து வருகிறேன்."

கிரைண்டர் நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.