சமையலறை அதிகாரி

“பருப்புல உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். கொஞ்சம் வெந்நீர் விடு.”

உள்ளங்கையை நக்கிவிட்டு அப்பா சொன்னார். அம்மா மறுபேச்சில்லாமல் விட்டாள்.

“பீன்ஸ்?”

அடுத்த வாணலியிலிருந்து ஒரு துளி எடுத்து அவர் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, விடைத்தாளை நீட்டிவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்தாள்.

“இது சரியா இருக்கு.”

அப்போதுதான் அம்மாவுக்கு மூச்சே வந்தது.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழக விடுதியிலிருந்து லீவுக்கு வந்து நாலு நாள். நாலு நாளும் இதே கூத்து.

“உருளைக்கிழங்கு வெந்ததும் கூப்பிடு” என்று திரும்பிய அப்பாவை அவள் மறித்தாள்.

“அப்பா, நீங்க ஒயர் மாட்டும்போது அம்மா பின்னாடி நின்னு, ‘சிவப்பு ஒயர் கொஞ்சம் தூக்கல்’னு சொன்னா விடுவீங்களா?”

எலக்ட்ரீஷியன் அப்பா சிரித்தார். “எப்படிம்மா விடுவேன்? வீடே எரிஞ்சு போகுமே.”

“அப்ப இங்க மட்டும் எதுக்கு வந்து நிக்கறீங்க? பன்னிரண்டு பேர் அம்மாவோட கைப்பக்குவத்துக்காக ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை எதிர்பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இத்தனை வருஷமா சமைக்கிறவளுக்கு உப்பு போடத் தெரியாதா? நீங்க இதுவரைக்கும் ஒரு வெங்காயம் உரிச்சிருப்பீங்களா?”

“விடுடி” என்றாள் அம்மா.

“எதை விடறது? நீ ஒவ்வொரு தடவையும் அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறியே, அதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. வேலை உன்னுது, தீர்ப்பு அவருதா? இதுக்குப் பேரு அதிகாரம்மா!”

அப்பா வாயைத் திறந்தார். அம்மா, மகளுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் வாய் மூடிக்கொண்டது.

“இன்னிக்கு ஒரு நாள் இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வராதீங்க. அம்மா தன் இஷ்டத்துக்கு சமைக்கட்டும்.”

“சரிம்மா” என்று அவர் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். ஜன்னல் வரை போனார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“பாரு, அதிகாரம் போனா காலு தரையில நிக்கல” என்று மகள் முணுமுணுத்தாள்.

மணி பதினொன்று பத்து. பதினொன்றரைக்கெல்லாம் டப்பாக்களை எடுத்துப்போகிறவர் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அம்மா கிழங்கைக் கிளறினாள். உப்பு ஜாடியைத் திறந்தாள், ஒரு கரண்டி அளந்து போட்டாள், மூடினாள்.

“உனக்கு நீயே எஜமானியா இரும்மா. எங்க வகுப்புல கூட இதைப் பத்தி ஒரு நாள் பூரா விவாதம் பண்ணினோம். வீட்டுக்குள்ள நடக்கிறதைத்தான் முதல்ல கேள்வி கேக்கணும்...”

மகள் பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மறுபடி ஜாடியைத் திறந்தாள், அளந்து போட்டாள். சட்டென்று கை அப்படியே நின்றது.

“இதுக்கு முன்னாடியே போட்டேனா?”

“எனக்கென்ன தெரியும்?”

“நீ கொஞ்சம் வாயில போட்டுப் பாரேன்.”

“நானா? மாட்டேன். அப்பா விட்ட அதிகாரி நாற்காலியில என்னை உட்காரச் சொல்றியா? உன் சமையல், உன் கணக்கு. பாத்தியா, உன் மேல உனக்கே நம்பிக்கை இல்லாமப் பண்ணி வெச்சிருக்காரு!”

“இல்லடி, ஒரே ஒரு துண்டு...”

“கொள்கைன்னா கொள்கைதாம்மா.”

தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அம்மா பரபரவென்று பன்னிரண்டு டப்பாவையும் நிரப்பினாள். மூடிகளை அழுத்தி மூடினாள். அப்பா சமையலறை வாசற்படி வரை வந்தார்.

“ஒரே ஒரு வாய்...”

“ஊஹூம்.” மகள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

வெற்றிக் களிப்பில் மகள் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவும் எதிரே உட்கார்ந்து கிழங்கைச் சோற்றில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

மகள் ஒரு துண்டை வாயில் போட்டாள். அவ்வளவுதான். கடல் தண்ணீரைக் குடித்தது போல் நாக்கு சுருண்டது. தட்டு ஓரத்தில் துப்பிவிட்டு நிமிர்ந்தால், அம்மா மூன்றாவது வாயை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

“அம்மா... உனக்குக் கரிக்கலையா?”

மெல்லுவது நின்றது.

“கரிக்குதா?” என்றாள் அம்மா மிக மெதுவாக.

அப்பா இந்த முறை யாரையும் கேட்காமல் உள்ளே வந்தார். தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். “அடுத்த தெருவுலயும் ஒரு வீட்டுல நின்னுதான் போவான், பிடிச்சுடலாம்” என்று செருப்புகூடப் போடாமல் ஓடினார்.



“போன மாசம் காய்ச்சல் வந்துச்சுல்ல” என்றாள் அம்மா. “அதோட நாக்குல ருசியே போச்சுடி. சர்க்கரையும் ஒண்ணுதான், சாம்பலும் ஒண்ணுதான் எனக்கு. டப்பா வாங்கறவங்களுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. உனக்குத் தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வந்து நிப்பே. அதான் சொல்லல.”

அம்மா அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தாள்.

“எனக்குன்னு மிச்சம் இருந்த நாக்கு அது ஒண்ணுதான். அதைத்தான் நீ கூடத்துல உட்கார வெச்சுட்டே.”