ஒளித்தணிப்பான்

ஓட்டை.

அடுத்த படலத்தை வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

அதிலும் ஓட்டை.

வெங்காயச் சருகு மாதிரி பிளாஸ்டிக் படலம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள். லேசர் பட்டால் மஞ்சள் நிறம் சிவப்பாக மாற வேண்டும்.

போன வாரம் மாறியது. செம்பருத்திச் சிவப்பு.

அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் இளங்குமணன், உடனே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். வெள்ளி என் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது என்று பேட்டி கொடுத்தார்.

படமும் வந்தது. அதில் அவர் இருந்தார். படலம் இருந்தது. அவளுடைய முழங்கை இருந்தது.

பின்னால், ஒளி வெளிவரும் கண்ணாடியில் சந்தனப் பொட்டோடு லேசரும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு அவள் வைத்த பொட்டு.

படத்தைப் பார்த்ததும் பேராசிரியர் ஷூ காலோடு விறுவிறுவென்று வந்தார். மூடநம்பிக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பேசிக்கொண்டே தன் கைக்குட்டையால் லேசரின் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏம்மா, லேசரை என்ன, பொண்ணு பாக்கவா வராங்க?"

அன்றிலிருந்து ஓட்டை.

நாளைக் காலை தேர்வாளர் வருகிறார். அவர் கண்ணெதிரே படலம் சிவந்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

பேராசிரியர் வந்து பின்னால் நின்றார். ஈரப்பதம் என்றார். மின்னழுத்தம் என்றார். கடைசியில், உனக்கு அக்கறை போதாது என்றார்.

அவள் லேசரின் பளபளக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். லேசரின் வலுவைக் குறைக்கும் திருகு வந்த நாளிலிருந்தே திரும்புவதில்லை சார். சந்தனம்தான் பாதி ஒளியை மறைத்திருக்கிறது. அதனால் அன்றைக்குச் சிவந்தது. இப்போது முழுசாக அடிக்கிறது, பொசுங்குகிறது. ஒரு ஃபில்டர் வாங்கினால் போதும்.

ஃபில்டர் வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும், ஆறு மாதம் ஆகும். அதை அவரே சொன்னார்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

இயற்கைப் பொருளாலான ஒளித்தணிப்பான் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் ஒலித்தது.

அவளைப் போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவசரமில்லை என்றும் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல்.

அவள் கதவைத் தாண்டும்போது அவர் குரல் தாழ்ந்தது.

"மிச்சச் சந்தனத்த எங்கம்மா வச்சிருக்க?"

திரும்பி வந்தபோது ஆய்வகக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

வாசலில், ஒன்றையொன்று ஒட்டியபடி, அவருடைய ஷூக்கள்.