புது ரத்தம்

அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியில் நடந்த மாட்டு ஏலத்தில் எவாரிஸ்தோ தூக்கிய கையை இறக்கவேயில்லை.

"நம்ம கிடேரிங்க எல்லாமே அந்த ஒத்தக்கொம்பனுக்குப் பொறந்ததுங்க, நெலிதா. நல்லவேளை, மூணு வருஷம் முன்னாடியே கிழடைக் கறிக்கு வித்துத் தொலைச்சேன். புது ரத்தம் வேணும்" என்றார் மனைவியிடம்.

வெள்ளைமூஞ்சிக் காளை அவருக்கே விழுந்தது. விற்றதைத் திருப்பி எடுக்காத சந்தை அது.

காளையை விற்ற ருஃபினோ, குடிக்க மாத்தே தேநீர் நீட்டினான். "அசல் வாரிசு, அண்ணே! இவன் அப்பனை எவனோ மடையன் கறிக்குத் தள்ளிட்டான். நான்தான் லாரியை மறிச்சு வாங்கினேன்."

"அந்த அப்பன் காளை பார்க்க எப்படி இருப்பான்?"

"ஒரு கொம்புதான். ஆனா, என்ன கம்பீரம்!"

எவாரிஸ்தோ சட்டென்று திரும்பிப் பார்த்தார். காளை அதற்குள் அவர் லாரியில் ஏறிவிட்டிருந்தது.

நெலிதா தலையில் கைவைத்தாள். "பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளை தேட வந்து, கூடப்பொறந்தவனையே வாங்கிட்டீங்களே!"