மஞ்சள் பூதத்தோடு இரண்டாவது சண்டை

ஒரு புதர்க்காட்டில் செம்மறிக்கிடா ஒன்று இருந்தது. புதர்களைப் பெயர்த்துக்கொண்டு வந்த மண் அள்ளும் மஞ்சள் இயந்திரத்தை ஒருநாள் அது முட்டியது. பொழுது சாய்ந்ததும் ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கிடா முட்டியதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

"மஞ்சள் பூதத்தையே விரட்டிட்டாரு!" என்று முயலும் கௌதாரியும் அதன் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டன. கிடாவுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவு பிடித்த மழை பல நாள் கழித்து ஓய்ந்ததும் இயந்திரம் திரும்பி வந்தது.

"அண்ணே, குஞ்சுகளோட ஓடையைத் தாண்டிப் போயிடட்டுமா?" என்று கேட்டது கௌதாரி.

கிடா பதில் சொல்வதற்குள், "அண்ணன் இருக்கும்போது என்ன பயம்?" என்று முயல் சிரித்தது. கிடா தலையைக் குனிந்தபடி புறப்பட்டது.

முதல் முட்டிலேயே கொம்பு ஒடிந்தது. அடுத்ததில் முன்னங்கால் மடங்கியது. இயந்திரம் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"ஓடுங்க! அன்னைக்கு அது தானாத்தான் போச்சு, ஓடுங்க!" என்று கிடா திரும்பிப் பார்த்துக் கதறியது.

இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. "அண்ணன் நம்மளக் கிட்ட வந்து பார்க்கச் சொல்றாரு" என்றது முயல். கௌதாரி பூரிப்போடு குஞ்சுகளைப் புதரிலிருந்து வெட்டவெளிக்குக் கூட்டி வந்தது.